கையெழுத்துப் போடும் முன்: கொன்சல்டன்ட் என்றால் யார், கொன்ட்ராக்டர் என்றால் யார்?

எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் கணினிப் படிப்பு முடித்துக் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் சேர்ந்தான். நியமனக் கடிதத்தில் ‘அசோசியேட் கொன்சல்டன்ட்’ என்று இருந்தது. தாய் கோயிலடியில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறா. அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து நின்றா: “உங்கட மகன் கொன்சல்டன்ட் ஆகிட்டானாமே, என்ர முழங்கால ஒருக்காக் காட்டலாமா?”

பெரியம்மாவில் பிழை இல்லை. மட்டக்களப்பில் கொன்சல்டன்ட் என்றால் பெரிய டொக்டர்தான். அடுத்த மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் உறவுக்காரப் பொடியன் கடதாசியோடு வந்தான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. கடதாசியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்டிபென்டன்ட் கொன்ட்ராக்டர்’. கூட வந்த தகப்பனுக்குக் குழப்பம்: “கொன்ட்ராக்டர் எண்டா ஆள் வெச்சு வேல செய்யிறவரெல்லா? இவனிட்ட ஒரு மண்வெட்டிகூட இல்லையே.”

இந்த இரண்டு சொற்களும் போகும் இடமெல்லாம் ஆடை மாற்றிக்கொள்கின்றன. நான் கட்டட வரைபடக் கந்தோரில் தொடங்கி, சுனாமிக்குப் பிறகு வீடமைப்புத் திட்டங்களில் வேலை செய்து, கத்தாரில் சில வருடம் அளவு பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். மூன்று இடத்திலும் என்னை இந்த இரண்டு பெயராலும் அழைத்திருக்கிறார்கள். சம்பளம், லீவு, பொறுப்பு எல்லாம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் எந்த ஒழுங்கில் விசாரிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேசனிடமிருந்து தொடங்குங்கள்

கம்பனிக் கடதாசியைப் பிறகு பார்க்கலாம். கொந்தராத்து என்ற சொல் நமக்கு வீட்டு வாசலிலேயே தெரியும். என் மைத்துனர் வீட்டுக்கு ஸ்லாப் போட மேசனோடு பேசினார். “எல்லாம் சேர்த்துக் கொந்தராத்து” என்று பேச்சு முடிந்தது. ஒரு கொப்பித் தாளில் தொகை மட்டும் எழுதினார்கள். கொங்கிறீட் போடும் கிழமை வந்ததும் பலகையும் முட்டும் யார் கொண்டுவருவது என்று இழுபறி. “அண்ணே, நான் சொன்ன கொந்தராத்து கூலிக்கு மட்டும்தான். பலகை வாடகை உங்கட கணக்கு” என்றார் மேசன். மைத்துனர் ‘எல்லாம்’ என்று விளங்கிக்கொண்டது சாமான், பலகை, கூலி மூன்றும். மேசன் விளங்கிக்கொண்டது தானும், தன் கையாட்கள் மூன்று பேரும், அவர்களின் தேத்தண்ணியும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அந்த மேசனே அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் நாட்கூலிக்கு நின்றார். அதே கை, அதே கரண்டி. நாட்கூலியில் மழை பெய்து வேலை நின்றால் நட்டம் வீட்டுக்காரருக்கு, ஏனெனில் வந்த நாளுக்குக் காசு கொடுக்க வேண்டும். கொந்தராத்தில் மழை பெய்தால் நட்டம் மேசனுக்கு. பூச்சு வெடித்தால் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருப்பிப் பூச வேண்டும்; நாட்கூலிக்காரருக்குத் திருப்பிப் பூசுவதும் இன்னொரு நாள் சம்பளம்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா இடத்திலும் வழி தெரியும். எந்தக் கடதாசி வந்தாலும் நான் கேட்பது நாலே கேள்விதான். காசு நேரத்துக்கா, முடித்த வேலைக்கா? பிழை வந்தால் யார் செலவில் திருத்துவது? எப்படிச் செய்வது என்று யார் தீர்மானிப்பது? எனக்கு வர முடியாவிட்டால் இன்னொருவரை அனுப்பலாமா? பெயர்ப்பலகையில் என்ன இருந்தாலும் உங்கள் உண்மையான நிலையை இந்த நாலும் காட்டிவிடும்.

(பெரிய வயற்சொந்தக்காரரான பழைய போடியார்மார் வயலில் முல்லைக்காரர் என்று ஒருவர் இருப்பார். போகம் முழுக்க வயலைப் பார்ப்பார், கூலியாட்களை நடத்துவார், சூடடித்த பிறகு நெல்லாகப் பங்கு வாங்குவார். அவர் இன்று இருந்தால் கடிதத்தில் என்ன பதவி போடுவார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்ததுண்டு. விடை கிடைக்கவில்லை.)

அடுத்து, சொல் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

அரச வைத்தியசாலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.பி.பி.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சி முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. சித்தியடைந்து, சிரேஷ்ட பதிவாளராக இருந்து, வெளிநாட்டுப் பயிற்சியும் எடுத்துச் சபைச் சான்று பெற்ற பிறகு கிடைக்கும் பதவியே கொன்சல்டன்ட். தமிழில் விசேட வைத்திய நிபுணர். வாட்டில் ‘வி.பி.’ (விசிட்டிங் பிசிசியன்), ‘வி.எஸ்.’ (விசிட்டிங் சேர்ஜன்) என்றால் அவர்களைத்தான் சொல்கிறார்கள். அவர் நிரந்தர அரச ஊழியர், ஓய்வூதியம் உள்ளவர். வெளியிலிருந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறவர் என்ற அர்த்தம் இங்கே துளியும் இல்லை. வாட்டில் கடைசி முடிவே அவருடையது. அதே வைத்தியசாலையில் கொன்ட்ராக்டர் என்றால் துப்புரவுக்கும் காவலுக்கும் ஆள் அனுப்பும் கம்பனி. வாசலில் நிற்கும் காவலாளி அரச ஊழியர் அல்ல, கொன்ட்ராக்டரும் அல்ல. அவர் கொன்ட்ராக்டரின் ஊழியர். அந்த வேலைக்குச் சேர்பவர் ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, பற்றிக் கேட்க வேண்டியது அந்தக் கம்பனியிடம். வைத்தியசாலைக் கந்தோரில் கேட்டுப் பயனில்லை.

கட்டடத்துறைக்கு வந்தால் சொல் தலைகீழாகும். பெரிய பாலம், வீதி, பாடசாலைக் கட்டடம் எது நடந்தாலும் முன்னால் ஒரு பலகை நடுவார்கள். பணி வழங்குநர், ஆலோசகர், ஒப்பந்தக்காரர் என்று மூன்று வரி. வழங்குநர் காசு கொடுப்பவர். ஆலோசகர், அதாவது கொன்சல்டன்ட், வரைபடம் கீறி, வேலையை மேற்பார்வை செய்து, பில்லைச் சரிபார்த்துக் கையொப்பம் வைப்பவர். ஒப்பந்தக்காரர் ஆளும் சாமானும் இயந்திரமும் கொண்டுவந்து கட்டுபவர். கொன்சல்டன்ட் என்பது பெரும்பாலும் ஒரு கம்பனி. அதில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் படவரைஞரும் ‘கொன்சல்டன்ட் பக்கம்’தான்.

கொன்ட்ராக்டர் என்றதும் நமக்குச் சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் நினைவுக்கு வருவார். கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலை அணையைக் கட்டிய கொன்ட்ராக்டர் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அம்பாறையின் வயல்களுக்கு இன்றும் தண்ணீர் வருவது அந்த ஒப்பந்த வேலையால். ஆகவே சொல்லை வைத்து ஆள் சின்னதா பெரிதா என்று முடிவெடுக்க முடியாது. இலங்கையில் அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது: நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, நாம் ‘சீடா’ என்போம், ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரித்துப் பதிகிறது. அடியில் சி9, மேலே போகப் போக சி1, அதற்கும் மேல் சி.எஸ். தரங்கள். முன்பு இக்டாட் என்றிருந்தது 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் சீடாவாக மாறியது. வயதான கொன்ட்ராக்டர்கள் இன்னும் “இக்டாட் கிறேட் என்ன?” என்றே கேட்பார்கள், பதறாதீர்கள்.

இரண்டு பேரையும் தெரிவுசெய்யும் முறையிலேயே வித்தியாசம் தெரியும். கட்டுபவரைத் தெரிவுசெய்யும்போது தகுதி சரி என்றால் பெரும்பாலும் குறைந்த விலை வெல்லும். ஆலோசகரைத் தெரிவுசெய்யும்போது இரண்டு உறை: ஒன்றில் ஆட்களும் வேலைமுறையும், மற்றதில் விலை. முதல் உறையைத் திறந்து புள்ளி போட்ட பிறகே இரண்டாவது. தரத்துக்கு எண்பது, விலைக்கு இருபது என்பது வழமையான பங்கீடுகளில் ஒன்று. எனவே ஆலோசனைக் கம்பனி உங்கள் சிவியைக் கேட்டால், அது உங்களை வேலைக்கு எடுக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். கேள்விப்பத்திரத்தில், அதாவது டெண்டரில், புள்ளி எடுக்கவும் அது தேவை. சிவியைக் கொடுங்கள், ஆனால் எந்தத் திட்டத்துக்கு, எந்தப் பதவிக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கொன்ட்ராக்டர் பக்கம் போனால் பணம் எப்படி நகர்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் உங்கள் சம்பளம் அதன் பின்னால்தான் வரும். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள், ரிட்டென்ஷன் என்று பெயர். வேலை முடிந்த பிறகும், பொதுவாக ஒரு வருடம், வெடிப்பும் ஒழுக்கும் வந்தால் கொன்ட்ராக்டரே திருத்திக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே மிச்சம் கைக்கு வரும். கொன்சல்டன்ட் பில்லில் கையொப்பம் வைக்கத் தாமதித்தால் சைட்டில் இருக்கும் கணக்கப்பிள்ளை வரை தாமதம்.

கத்தார், டுபாய் பக்கம் போகும் கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர்ப் பொடியன்மார் “நீ கொன்சல்டன்ட்டா கொன்ட்ராக்டரா?” என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வார்கள். இருவரும் சம்பள ஆட்கள்தான், விசாவும் கம்பனிதான். கேள்வியின் அர்த்தம், நீ மேசையின் எந்தப் பக்கம் என்பது. கொன்ட்ராக்டர் பக்கத்தில் நான் கீறி அனுப்பிய ஷொப் ட்ரோயிங் (சைட்டில் கட்டுவதற்கான விரிவான வரைபடம்) ஒன்று மூன்று முறை ‘சி’ முத்திரையோடு திரும்பி வந்தது. ஏ என்றால் சரி, பி என்றால் குறிப்பைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடங்கு, சி என்றால் திருத்தித் திரும்ப அனுப்பு, டி என்றால் தூக்கி எறி. மூன்றாவது முறை திரும்பியதற்குக் காரணம், படிக்கட்டின் ஒரு படியில் ஐந்து மில்லிமீற்றர் பிழை. அன்று அந்தக் கொன்சல்டன்ட் பொறியியலாளரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு நானே அந்தப் பக்கம் போய், அதே சி முத்திரையைக் குத்தினேன். வேலை கற்க வேண்டும் என்றால் முதல் இரண்டு மூன்று வருடம் கொன்ட்ராக்டர் பக்கம் நல்லது என்பது என் அபிப்பிராயம். வெயில் அதிகம், நேரம் அதிகம், ஆனால் கம்பி எப்படி வளைகிறது என்று கையால் தெரியும்.

தொண்டு நிறுவனங்களிலும் ஐ.நா. அமைப்புகளிலும் கொன்சல்டன்ட் என்றால் குறுகிய காலத்துக்கு, குறித்த ஒரு வேலைக்கு எடுக்கப்படும் தனியாள். மதிப்பீட்டு அறிக்கை, பயிற்சிக் கைநூல், ஆய்வு, இப்படி. ஐ.நா. செயலகத்தின் 2013ஆம் ஆண்டு விதி இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. ஆலோசனை சொல்லவோ, ஊழியர்களிடம் இல்லாத சிறப்பறிவைத் தரவோ வருபவர் கொன்சல்டன்ட். ஊழியர் செய்வது போன்ற வேலையையே கொஞ்சக் காலத்துக்குச் செய்து கொடுப்பவர் தனிநபர் கொன்ட்ராக்டர். முதலாமவர் 36 மாதத்துக்குள் 24 மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. இரண்டாமவருக்கு 12 மாதத்தில் ஆறு மாதம், விசேடமாக ஒன்பது. இருவருமே ஊழியர் அல்லர். ஐ.நா. வாகனத்தில் போய் வந்தாலும், கழுத்தில் அட்டை தொங்கினாலும் அப்படித்தான்.

இங்கே புதியவர் விழும் குழி ‘நாள்’ என்ற சொல். டி.ஓ.ஆர். என்ற வேலைக்குறிப்பில் ‘மூன்று மாதம், 22 நாள்’ என்று இருக்கும். மூன்று மாதச் சம்பளம் என்று சந்தோஷப்படாதீர்கள்; காசு 22 நாளுக்குத்தான். அந்த 22க்குள் என்னென்ன அடங்குகிறது என்று உட்கார்ந்து எண்ணுங்கள். படுவான்கரையில் ஐந்து கிராமத்தில் கூட்டம் வைத்தால், வெல்லாவெளிப் பக்கம் போய்வரவே நாள் போய்விடும். தமிழில் பதிவுசெய்த பேச்சை எழுத்தாக்கி ஆங்கிலமாக்க ஒவ்வொரு மணித்தியாலப் பதிவுக்கும் ஒரு பகல் போகும். அறிக்கையை அனுப்பினால் திருத்தக் குறிப்போடு திரும்பும். எத்தனை தடவை திருப்பலாம் என்று எழுதாவிட்டால் ஐந்து தடவை வரும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் யார் கணக்கு? தரவு சேகரிக்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் யார் கணக்கு? மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டிருந்தால் எல்லாம் உங்கள் கணக்கு. கடிதத்தில் நீங்கள் கொன்சல்டன்ட், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் கொந்தராத்துக்காரர். வாசலில் வந்து காசு கேட்கப்போவது உங்களிடம்.

மென்பொருள் துறையில் இரண்டு சொல்லும் மறுபடி இடம் மாறும். எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஈபிஎப் உள்ள நிரந்தர ஊழியன். வாடிக்கையாளர் கம்பனியின் கணக்கு, களஞ்சியம், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் புது மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது அவன் வேலை. சாப் போன்ற மென்பொருளைப் பொருத்துபவர்களுக்கு உலகம் முழுக்கக் கொன்சல்டன்ட் என்றே பெயர். திட்டம் இல்லாத மாதங்களில் ‘பெஞ்சில்’ இருப்பான், சம்பளம் வரும். கொன்ட்ராக்டருக்குப் பெஞ்ச் கிடையாது. திட்டம் முடிந்தால் காசும் முடிந்தது. அமெரிக்காவில் ஊழியருக்கு டபிள்யூ-2 என்ற வரிப் படிவம், கொன்ட்ராக்டருக்கு 1099. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அமெரிக்கக் கம்பனிக்கு வேலை செய்பவரிடம் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்பார்கள். நான் அமெரிக்க வரிக்காரன் இல்லை என்று சொல்லும் கடதாசி அது, பயப்பட ஒன்றுமில்லை. பிரித்தானியாவில் ‘ஐ.ஆர்.35’ என்று 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதி இருக்கிறது. கொன்ட்ராக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு உண்மையில் ஊழியர் போல வேலை செய்கிறாரா என்று பார்க்கும் விதி. உன்னை யார் கட்டுப்படுத்துகிறார், உனக்குப் பதிலாக ஆள் அனுப்பலாமா என்பதையும் பார்ப்பார்கள். மேசனிடம் நாம் கேட்ட கேள்விகள்தான்.

அப்புறம் கடைத்தெருக் கொன்சல்டன்ட்கள். காப்புறுதிக் கொன்சல்டன்ட், வெளிநாட்டுப் படிப்புக் கொன்சல்டன்ட், வீசாக் கொன்சல்டன்ட் என்று நகரத்தில் எத்தனை பலகை! இவர்களில் பலர் விற்பனைக்காரர், கொமிஷன்காரர். அது குற்றம் இல்லை, ஆனால் ஆலோசனைக்குக் காசு யாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லும் எவருக்கும் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். ‘நாங்கள் ஏஜென்சி இல்லை, கொன்சல்டன்சி’ என்று சொன்னால் கடவுச்சீட்டைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள். பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்தால் உரிமம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

தமிழ்ச் சொல்லும் ஏமாற்றும்

அரச கடிதங்களில் இன்னொரு சிக்கல். ‘ஆலோசகர்’ என்ற ஒரே சொல் கொன்சல்டன்டுக்கும் வரும், உளவள ஆலோசகருக்கும் வரும். வலயக் கல்விப் பணிமனையில் ஆசிரிய ஆலோசகர் என்று இருப்பவர் பாடசாலைகளுக்குப் போய் வழிகாட்டும் நிரந்தர அரச ஊழியர். அவரை ஆங்கிலத்தில் கொன்சல்டன்ட் என்று சிவியில் எழுதினால் வாசிப்பவர் வேறு என்னவோ நினைப்பார். அதேபோல ‘ஒப்பந்த அடிப்படையில் நியமனம்’ என்றால் நீங்கள் ஒப்பந்தக்காரர் ஆகிவிடவில்லை. கால எல்லை உள்ள ஊழியர், அவ்வளவுதான். பலர் இந்த இடத்தில் தங்கள் உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். “நான் கொன்ட்ராக்ட்தானே, எனக்கு ஈபிஎப் இல்லைத்தானே” என்பார்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று பார்ப்பதில்லை. தற்காலிக ஊழியர், துண்டு வேலை ஊழியர், கொமிஷன் ஊழியர், ஒப்பந்த ஊழியர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். பார்க்க வேண்டியது நீங்கள் உண்மையில் ஊழியரா என்பதை மட்டும்.

எனக்கு இது காலம் கடந்து தெரிந்தது. சுனாமி வீடமைப்பில் ஒரு நிறுவனத்தில் 14 மாதம் இருந்தேன். கடிதத்தில் ‘கொன்சல்டன்ட்’. காலை எட்டரைக்கு வரவுப் புத்தகத்தில் கையொப்பம், சனிக்கிழமை அரை நாள், லீவுக்கு மேலதிகாரியிடம் விண்ணப்பம், கந்தோர்க் கணினி, கந்தோர் மோட்டார் சைக்கிள். எனக்குப் பதில் என் நண்பனை அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நாலு கேள்வியிலும் நான் ஊழியர். ஆனால் போகும்போது சேமலாபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படியான இடத்தில் இருப்பவர்கள் வரவுப் புத்தகத்தின் படம், லீவு விண்ணப்பம், மின்னஞ்சல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்கலாம். வேலையில் இருக்கும்போதே கேட்பதா, விலகிய பிறகா என்பதை உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்து முடிவெடுங்கள். நான் வீரம் பேசப்போவதில்லை.

இனிக் கணக்குப் போடுங்கள்

ஊழியராக 80,000 ரூபாய், கொன்ட்ராக்டராகவும் 80,000 ரூபாய் என்றால் இரண்டும் ஒன்றில்லை. ஊழியர் என்றால் முதலாளி மேலதிகமாக 12 வீதம் ஈபிஎப்புக்கும் 3 வீதம் ஈடிஎப்புக்கும் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்ட வேண்டும். 80,000இல் அது 9,600உம் 2,400உம், ஆக 12,000. (உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் போகிறதே என்று கவலைப்படாதீர்கள், அது உங்கள் பெயரில்தான் கிடக்கும்.) பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை, மாதத்துக்குப் பிரித்தால் 3,300 சொச்சம். கடை, கந்தோர் ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும். கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், மாதக் கணக்கில் ஆறாயிரத்துக்கு மேல். எல்லாம் கூட்டினால் கொன்ட்ராக்டராக ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்டால்தான் 80,000 சம்பளத்தோடு சமன். இதில் மடிக்கணினி, மின்சாரம், இணையக் கட்டணம் சேர்க்கவில்லை.

ஒரு லட்சத்தைத் தாண்டினால் இன்னொரு விடயம் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து ஊழியர் அல்லாத தனியாளுக்கு இப்படியான சேவைக் கட்டணம் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது, கொடுப்பவர் 5 வீதம் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். அது தண்டப்பணம் அல்ல, உங்கள் வரியில் முன்கூட்டிக் கட்டியது. பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், டின் என்ற வரி இலக்கத்தை இப்போதே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை தனியாள் விலக்கு இருப்பதால், மொத்த வருமானம் அதற்குள் நின்றால் பிடித்த காசைத் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்றால் நவம்பர் 30க்குள் வருமானவரி விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளைச் சீனி வாங்கிய பையில் போட்டு வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கடதாசியில் தேட வேண்டிய வரிகள்

பதவிப் பெயரை விட்டுவிட்டு உள்ளே போங்கள். கொடுப்பனவு எதற்கு எதிராக என்று பாருங்கள்: மாதமா, நாளா, ஒப்படைத்த வேலையா. ஒப்படைத்த வேலைக்கு என்றால், அதை யார் எத்தனை நாளுக்குள் ஏற்றுக்கொள்வார் என்று எழுதியிருக்க வேண்டும். ‘திருப்தியாக இருந்தால்’ என்று மட்டும் இருந்தால் யாருடைய திருப்தி என்று கேளுங்கள். கேட்டதற்காக ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் 20 வீதத்தை ஆரம்ப அறிக்கைக்கே தரச் சொல்லிக் கேட்கலாம், பல இடங்களில் தருவார்கள்.

முடிப்பதற்கான அறிவித்தல் இரண்டு பக்கமும் சமமா? அவர்கள் ஏழு நாள் சொல்லி நிறுத்தலாம், நீங்கள் இரண்டு மாதம் சொல்ல வேண்டும் என்று இருந்தால் பேசிப் பாருங்கள். எழுதிய நிரலும் அறிக்கையும் யாருக்குச் சொந்தம் என்ற வரியும் இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்கே, ஆனால் காசு கொடுத்த பிறகு சொந்தம் என்று இரண்டு சொல் சேர்க்கச் சொல்லலாம். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்ற தடை இருந்தால், அது ஊழியருக்குப் பொருந்தும், கொன்ட்ராக்டருக்கு எதற்கு என்று கேட்கத் தயங்காதீர்கள். கட்டட வேலையில் துணை ஒப்பந்தம் எடுப்பவர் ‘மேலே காசு வந்த பிறகே கீழே காசு’ என்ற வரியைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு யோசியுங்கள்.

சிவியில் எழுதும்போது

முன்னைய பதவிப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ‘கொன்சல்டன்ட், 2019–2020’ என்று பார்த்தால் வைத்தியசாலை ஆள் ஒன்று நினைப்பார், சைட் ஆள் இன்னொன்று நினைப்பார். பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: யாருக்காக, எந்த வேலையை, சம்பளத்துக்கா ஒப்படைப்புக்கா, கீழே எத்தனை பேர். கொன்ட்ராக்டர் பக்கம் படவரைஞராக இருந்தவர் கொன்சல்டன்ட் கம்பனிக்கு விண்ணப்பித்தால் அதை மறைக்கத் தேவையில்லை. கட்டியவர் கண்ணால் வரைபடம் பார்ப்பவரை அவர்களுக்குப் பிடிக்கும்.

வேலை முடிவுக் கடிதத்தைக் கடைசிக் கொடுப்பனவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். திட்டக் கந்தோர்கள் நிரந்தரமில்லை. எனக்கு 14 மாதம் சம்பளம் தந்த கந்தோர் கல்லடியில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டு வருடம் கழித்துக் கத்தார் வேலைக்குச் சேவைக் கடிதம் தேவைப்பட்டுப் போய்ப் பார்த்தேன். வாசலில் மெத்தையும் பிளாஸ்டிக் கதிரையும் அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரப் பையன் “எந்த அளவு வேணும் அண்ணே?” என்று கேட்டான்.